கரந்துறை தொற்று: தூங்காத வைரஸைத் தூங்குகிறது என்பானேன்?

போன மாதம் சித்தி தொலைபேசியில் பதறினார். “ஏம்ப்பா, போன வருஷம் எனக்கு அக்கி வந்துச்சே, அது உள்ளேயே தூங்கிட்டு இருக்குமாம், முழிச்சா கேன்சர் ஆயிடுமாம். நிஜமா?” ஏதோ ஒரு மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையில் படித்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். ஹெர்ப்ஸ் வகை வைரஸ்கள் உடலில் ‘செயலற்று உறங்கும்’, விழித்துக்கொண்டால் புற்றுநோய் வரலாம் என்று அச்சடித்திருந்தார்கள்.

லேட்டன்ட் இன்ஃபெக்‌ஷன், அதாவது வைரஸ் பெருகாமல் உடலில் ஒளிந்து தங்கும் நிலை. அதற்குத் தமிழில் எழுதுவதுதான் இந்தச் ‘செயலற்ற தொற்று’. நாளிதழின் மருத்துவப் பக்கம், யூடியூப் டாக்டர், மொழிபெயர்ப்புச் செயலி என்று எங்கே பார்த்தாலும் இதுவே. லேட்டன்ட் லத்தீனிலிருந்து வந்தது; மூலச்சொல்லுக்கு ஒளிந்து கிடத்தல் என்று பொருள். ஹெர்ப்ஸ் கிரேக்கம், ஊர்தல். அவ்வளவுதான். இதில் செயலின்மை எங்கே இருக்கிறது, தூக்கம் எங்கே இருக்கிறது?

சரி, வைரஸுக்கு வருவோம். மனிதரைத் தொற்றும் ஹெர்ப்ஸ் வைரஸ்கள் எட்டு ஒன்பது வகை. புற்றுநோய்க் காரணி என்று உறுதியானவை அவற்றில் இரண்டே: எப்ஸ்டைன்-பார் வைரஸ், கபோசி சார்கோமா வைரஸ். அக்கியைத் தரும் வைரஸ் இந்த இரண்டில் இல்லை. சித்திக்கு முதலில் இதைத்தான் சொன்னேன்.

எப்ஸ்டைன்-பார் வைரஸ் உலகில் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் இருக்கிறது. பி செல் எனும் வெள்ளணுவுக்குள் போய், தன் டிஎன்ஏவை ஒரு வளையமாகச் சுருட்டிக்கொண்டு உட்கருவில் தங்கிவிடுகிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் அது கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை என்பது உண்மை. ‘செயலற்ற’ என்று எழுதியவர்களுக்காக நான் சொல்லக்கூடியது அவ்வளவே. அந்தச் செல் இரண்டாகப் பிரியும்போது என்ன நடக்கிறது? இபிஎன்ஏ1 என்ற வைரஸ் புரதம் அந்த வளையத்தை நம் குரோமோசோமோடு பிணைத்து, பிரியும் செல் இரண்டுக்கும் பங்கு போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறது. சில புற்றுகளில் எல்எம்பி1 என்ற இன்னொரு புரதமும் வேலை செய்கிறது. ‘பெருகு, சாகாதே’ என்ற கட்டளை வெளியிலிருந்து வந்தால்தான் பி செல் பெருக வேண்டும். எல்எம்பி1 இருந்தால் கட்டளை வராமலே வந்த மாதிரி ஆகிவிடும். காலிங் பெல் சுவிட்ச் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டால் வாசலில் ஆளே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருக்குமே, அப்படி. கபோசி வைரஸின் லானா என்ற புரதம், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தையே முடக்குகிறது. இவை எல்லாம் லேட்டன்ட் நிலையில் நடக்கிற வேலைகள். இதற்குப் பெயர் செயலற்றது என்றால் செயல் என்பது எது?

‘உறங்கும் வைரஸ்’ இதைவிட மோசம். உறக்கம் என்று சொன்னால் விழிப்பு என்று ஒன்று வேண்டுமே. உடனே ‘விழித்தால் புற்றுநோய்’ என்று கதை தானாக முளைத்துவிடுகிறது. நடப்பது பெரும்பாலும் தலைகீழ். வைரஸ் ‘விழித்து’ ஆயிரக்கணக்கில் பெருகி வெளியேறினால் அது குடியிருந்த செல் செத்துப்போகும். செத்த செல் புற்றாக முடியாது. கட்டியை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலான செல்களில் வைரஸ் லேட்டன்ட் நிலையில்தான் கிடக்கிறது. ஹெர்ப்ஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை அந்தக் கட்டிகளில் எடுபடாததற்கும் இதுதான் காரணம். வைரஸ் பெருகும்போது மட்டுமே அந்த மருந்துக்கு வேலை. பெருகி வெளியேறும் கட்டத்துக்கும் புற்றுநோயில் பங்கு உண்டு, குறிப்பாகக் கபோசி வைரஸில். அதற்காக மொத்தப் பழியையும் விழிப்பின் தலையில் போடலாமா?

தொற்று மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர் கண்ட குழந்தைகளின் தாடைக் கட்டி, எப்ஸ்டைன்-பார் வைரஸ் சம்பந்தப்பட்ட புற்று. அதற்கு மலேரியாவும் துணைபோகிறது, மிக் என்ற மரபணு இடம் மாறிப் போவதும் சேர்கிறது. எய்ட்ஸாலோ உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் இந்த வைரஸ்கள் துணிந்து ஆடுகின்றன.

அடுத்து, ‘மறைந்த தொற்று’. இதை எழுதுகிறவர்கள் இரங்கல் செய்தியே படிப்பதில்லையா? ‘மறைந்த தலைவர்’, ‘மறைந்த வைரஸ்’! மாலை போட்டுவிடலாம். நோயாளியோ தொற்று போய்விட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

‘உள்ளுறை’ நல்ல சொல். தொல்காப்பியம் பேசும் உள்ளுறை உவமம் இருக்கிறது, பள்ளி இயற்பியலில் உள்ளுறை வெப்பமும் இருக்கிறது. வெப்பத்துக்கு அது பொருந்துகிறது. வைரஸுக்கு ஒரு குறை: எந்த வைரஸானாலும் செல்லின் உள்ளேதான் உறையும், சளிக்காய்ச்சல் வைரஸ் உட்பட. ஒளிந்திருப்பது என்ற பொருள் இதில் பளிச்சென்று வரவில்லை.

நான் எழுதுவது ‘கரந்துறை தொற்று’. கரத்தல், ஒளித்தல். உறைதல், தங்கி வாழ்தல். கரந்து உறையும் தொற்று என்று விரியும் வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘த்’ போட்டுக் கெடுக்க வேண்டாம். எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவியில் கரந்துறை செய்யுள் என்று ஒரு வகை உண்டு: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும், முதல் பாட்டைப் படி எடுத்தால் இரண்டாவதும் கூடவே படியாகிவிடும். செல்லுக்குள் அந்த டிஎன்ஏ வளையம் செய்வதும் இதுதானே. எப்ஸ்டைன்-பார் வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அந்தோணி எப்ஸ்டைன் இரண்டு ஆண்டுகள் பர்கிட் கட்டியின் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கட்டியின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்த பிறகே, 1964இல், அவற்றில் வெகு சிலவற்றில் வைரஸ் துகள் தென்பட்டது. மற்றவற்றில் அது கரந்துதான் இருந்தது.

கடினமான சொல் என்பார்கள். வைரஸைத் தீநுண்மி ஆக்கியே தீருவேன் என்று நிற்கும் நண்பர்களே இதைச் சொல்வதுதான் வேடிக்கை. வைரஸ் ஊரறிந்த சொல், அதன் பாட்டுக்கு இருக்கட்டும். தமிழ் வேண்டிய இடம் லேட்டன்ட். அங்கே மட்டும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தான் மொழிபெயர்க்கும் மருத்துவக் கட்டுரையை ஒரு தடவை முழுதாகப் படித்த மொழிபெயர்ப்பாளர், இத்தனை புரதம் செய்கிற ஒன்றைச் ‘செயலற்ற’ என்று எழுதக் கொஞ்சமாவது கூசியிருப்பார்.

இதையெல்லாம் சித்தியிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒளிஞ்சு குடியிருக்குன்னு சொல்லிட்டுப் போயேம்ப்பா” என்றார்.