பவுண்டேஷன்: அத்திவாரமா, புகுமுகமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தொழில் மேசன். நகத்துக்கு அடியில் சீமெந்து காய்ந்த வெள்ளை இன்னும் போகவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே மகளின் பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய கடிதம். முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் போட வேண்டும். கடிதத்தை மட்டும் தமிழில் போட்டுக் கொடுக்க வேண்டும், அவர் வாசித்துப் பார்ப்பதற்கு. மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு இது அன்றாட வேலை. ஆனால் கடிதத்தோடு ஏற்கெனவே ஒரு தமிழாக்கம் பின் பண்ணியிருந்தது. ஏதோ ஒரு முகவர் நிலையத்தின் கைங்கரியம். கடிதத்தின் கீழே கையொப்பம் வைத்தவர் 'இன்டர்நேஷனல் பவுண்டேஷன் புரோகிராம் டிரெக்டர்'. தமிழாக்கத்தில் அந்தப் பதவி இப்படி இருந்தது: 'சர்வதேச அத்திவார நிகழ்ச்சித்திட்டப் பணிப்பாளர்'.

"தம்பி, நான் முப்பது வருசமா அத்திவாரம் வெட்டுறன். பதின்மூண்டு வருசம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இன்னும் அத்திவாரமே போடல்லையெண்டா இவங்க சொல்றாங்க?"

அவருக்கு அப்போது நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதில் இது.

'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'ஃபுண்டுஸ்' என்றால் அடி, அடிப்பக்கம், நிலம். அதிலிருந்து அடியிட்டு நிறுத்துதல் என்ற வினை வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. காசைக் குறிக்கும் 'ஃபண்ட்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரு மடத்தையோ பள்ளியையோ தொடங்குகிறவர் அதற்கு நிலமும் பணமும் எழுதி வைப்பார். அப்படி எழுதி வைத்த அமைப்புக்கும் பவுண்டேஷன் என்றே பெயர் நின்றுவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் தெருவோரம் முளைத்த பெயர்ப்பலகைகளில் நாங்கள் பார்த்த பவுண்டேஷன் அதுதான். அதற்குத் தமிழ் அறக்கட்டளை. சில இடத்தில் நிதியம், மன்றம். மணப்பெண்ணுக்கு முகத்தில் பூசும் பவுண்டேஷன் வேறு. அதைத் தமிழாக்கச் சொல்லி நல்லவேளை இதுவரை யாரும் வரவில்லை.

அத்திவாரம் என்பதன் கதை இன்னும் சுவையானது. தமிழ்நாட்டில் அஸ்திவாரம், மலையாளத்திலும் அஸ்திவாரம், கன்னடத்தில் அஸ்திபார. வடமொழியில் அஸ்தி எலும்பு, பாரம் சுமை. சுமை தாங்கும் எலும்பு என்று பொருள் சொல்வது வழக்கம். நாங்கள் வடவெழுத்தைக் கழற்றிவிட்டு அத்திவாரம் ஆக்கினோம். எங்களிடமிருந்து சிங்களம் எடுத்துக்கொண்டது, அங்கே 'அத்திவாரம'. அம்பாறைப் பக்கத்துச் சிங்கள பாஸும் களுவாஞ்சிகுடி மேசனும் ஒரு வளவுக்குள் வேலை செய்தால் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. ('பாஸ்' என்றால் கட்டட வேலைக்காரர்; ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அது இருக்கட்டும்.)

தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கடைகால் இருக்கிறது. கடை என்றால் கீழ், முடிவு. கால் என்றால் தாங்குவது. அழகான சொல். தமிழ்நாட்டில் சில ஊர்க் கொத்தனார்கள் இன்னும் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து மேசனிடம் சொன்னால் எந்தக் கடை என்று கேட்பார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். அதில் உள்ள பவுண்டேஷன் எது?

இங்கிலாந்தில் பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டு பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போவார்கள். அங்கே சிறப்புப் பட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. பன்னிரண்டு ஆண்டில் பள்ளியை முடிக்கும் நாட்டிலிருந்து ஒரு பிள்ளை போனால் நடுவில் ஒரு ஆண்டு இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பவுண்டேஷன் ஆண்டு: கட்டுரை எழுதவும் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கவும் போதுமான ஆங்கிலம், கொஞ்சம் கணிதம், அப்புறம் சேரப்போகும் பட்டத்துக்கு ஏற்ற இரண்டொரு பாடம். தேவையான புள்ளி எடுத்தால் அடுத்த ஆண்டு பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டு. எங்கள் உயர்தரமும் பதின்மூன்று ஆண்டுதான். நல்ல பெறுபேறும் ஆங்கிலமும் இருந்தால் பல பல்கலைக்கழகங்கள் நேரே முதலாம் ஆண்டிலேயே எடுக்கும். மேசனின் மகளுக்கு இரண்டு எஸ் (சாதாரண சித்தி), ஒரு சி (திறமைச் சித்தி). படித்தது கலைப்பிரிவு, தமிழ் மொழிமூலம். படிக்க விரும்பியது வணிகம். அதனால்தான் ஒரு ஆண்டு கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஆக, பிள்ளையின் அத்திவாரம் களுவாஞ்சிகுடியிலேயே போட்டாயிற்று, சுவரும் பாதி எழும்பியாயிற்று. வேறொரு வீட்டுக்குள் நுழைய வாசல் தேடுகிற ஆண்டு இது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள ஒன்றை வீட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைத்ததுதான் அந்தத் தமிழாக்கத்தின் பிழை. 'அடிப்படைக் கற்கைநெறி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதை வாசிக்கிற தகப்பன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வகுப்பு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. காத்தான்குடி நண்பர் ஒருவர் அடிப்படை என்ற பக்கம் நின்று என்னோடு வாதாடினார். அவருடைய பையன் மலேசியாவில் படித்தவன். அங்கே இந்தப் படிப்புக்கு 'அசாசி' என்று பெயர். அறபியில் அஸாஸ் என்றாலும் அத்திவாரந்தானே, மலாய்க்காரனுக்குச் சரியென்றால் நமக்கென்ன என்றார். நியாயம்தான். ஆனால் மலேசியாவில் சாதாரணதரத்துக்குச் சமமான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைதான் அசாசிக்குப் போகிறது. அங்கே அந்தப் பெயர் பொருந்துவதற்கு இடம் இருக்கிறது. உயர்தரம் முடித்த பிள்ளைக்குக் கொஞ்சம் இடிக்கும்.

என் தெரிவு புகுமுகம். புதிதாகச் செய்த சொல் இல்லை இது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைப் பள்ளி முறை வருவதற்கு முன் பி.யூ.சி. என்ற ஓராண்டுப் படிப்பு இருந்தது. பள்ளிக்கும் பட்டத்துக்கும் இடையில், கல்லூரிக்குள்ளேயே நடந்த வகுப்பு. அதற்குப் புகுமுக வகுப்பு என்று பெயர். கடிதத்தில் உள்ள படிப்பும் அச்சொட்டாக அதே வேலையைத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் 'யூனிவர்சிற்றி என்ரன்ஸ்' என்று சொல்லித் திரிந்த மூத்த தலைமுறைக்கும் புகுமுகப் பரீட்சை என்றால் விளங்கும். யோசித்துப் பார்த்தால் எங்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு புகுமுகக் காலம் இருந்தது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல்தான் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

புகுமுகம் என்ற சொல்லின் வயதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். தொல்காப்பியத்தில் இருக்கிறது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில், காதல் அரும்பும்போது உடம்பில் தெரியும் குறிகளை அடுக்கும் இடத்தில் முதல் குறியே 'புகுமுகம் புரிதல்'. அதற்கு அடுத்தது நெற்றி வியர்த்தல். அவன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் விரும்புவதைப் புகுமுகம் புரிதல் என்று உரையாசிரியர் விளக்குகிறார். இன்னும் ஒரு பேச்சும் நடக்கவில்லை. ஆனால் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முன்பின் தெரியாத நாட்டில், தெரியாத வகுப்பறையில், ஆசிரியர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்றும் கவனித்துவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு நெற்றி வியர்ப்பதும் இருக்கும். படிப்புக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது 'புரோகிராம்'. அரசாங்கத் தமிழில் நிகழ்ச்சித்திட்டம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு டெங்கு ஒழிப்புத்தான் நினைவுக்கு வரும். கற்கைநெறி போதும்.

இனி அதைக் கொண்டு நடத்துகிறவர். இவருடைய வேலை என்ன என்று தெரிந்தால்தான் பெயர் வைக்கலாம். நாலு திக்கிலிருந்தும் வரும் சான்றிதழ்களைப் பார்த்து, இந்த நாட்டு சி அந்த நாட்டில் எதற்குச் சமம் என்று தீர்மானிப்பது இவர் பக்கத்து வேலை. எத்தனை புள்ளி எடுத்தால் எந்தப் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்வீர்கள் என்று பீடங்களோடு பேசி எழுத்தில் வாங்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வந்தால் பாதுகாவலர் விசயம் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு நிற்பதால், வகுப்புக்கு வராமல் மறையும் பிள்ளையைப் பற்றி உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும் கடமையும் உண்டு. ஆகவே வரவுப் பதிவேடு அங்கே வெறும் பதிவேடு இல்லை. வருட முடிவில் பரீட்சகர் சபையில் இருந்து, யார் மேலே போவது, யார் திரும்ப எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

மேற்பார்வை பார்ப்பவருக்கு எங்கள் மாவட்டங்களில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. வயலில் தண்ணீர் முறை பார்க்க வட்டைவிதானை. வயல் சொந்தக்காரரான போடியாருக்காக வயலோடு கிடந்து வேலை பார்ப்பவர் முல்லைக்காரன். கோயிலுக்கு வண்ணக்கர். இந்த வண்ணக்கர் என்ற பதவிப்பெயர் மட்டக்களப்புக் கோயில்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். காசை வாங்கி மாற்றுப் பார்த்து, நல்லது கள்ளது சொல்பவன். சங்கப் புலவர் சிலருடைய பெயரோடும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. பல நாட்டுச் சான்றிதழை வாங்கி மாற்றுப் பார்க்கும் மனிதரை வண்ணக்கர் என்று எழுத எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. எழுதவில்லை. சத்தியப்பிரமாண முத்திரை குத்திய தாளில் அப்படி விளையாட முடியாது; விசா அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியது மேசனின் மகள்.

பணிப்பாளரா, இணைப்பாளரா என்றால், கடிதத்தில் டிரெக்டர் என்று இருந்ததால் பணிப்பாளர். ஒருங்கிணைக்கும் வேலை மட்டும் பார்க்கும் கோர்டினேட்டருக்குத்தான் இணைப்பாளர். தமிழ்நாட்டு வாசகர் 'இயக்குநர்' என்பார். இங்கே இயக்குநர் என்றால் எல்லோரும் படம் எடுப்பவரைத்தான் நினைப்பார்கள்.

முகவர் நிலையம் 'சர்வதேச' என்று போட்டது 'சர்வதேச மாணவர்' என்ற கருத்தில்தான். அதையும் மாற்றினேன். ஒரு தனிப் பிள்ளை எப்படிச் சர்வதேசம் ஆவாள்? அயல்நாட்டு மாணவர் என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு மேசன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அங்க இவள்தான் வெளிநாட்டுக்காரி, என்ன?" என்றார். ஓம் அண்ணன் என்றேன்.

1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவருடைய மண்ணில் இருந்துகொண்டு இதற்கு ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். முடிவாகத் தாளில் ஏறியது: அயல்நாட்டு மாணவர் புகுமுகக் கற்கைநெறிப் பணிப்பாளர். நீளம்தான். ஆனால் மேசன் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்.

கோப்பை மூடப்போன நேரம் முகவர் நிலையத் தமிழாக்கத்தின் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. கட்டணத்தில் ஒரு பகுதியை ஒரு பவுண்டேஷன் ஏற்றுக்கொள்ளும் என்று ஆங்கிலத்தில் இருந்ததை இப்படிப் போட்டிருந்தார்கள்: 'இப்புலமைப்பரிசில் அத்திவாரத்தினால் வழங்கப்படும்.' மேசனிடம் காட்டினேன். "அத்திவாரத்துக்குக் காசு போடுறது நானெல்லோ" என்றார். அறக்கட்டளை என்று திருத்தி, தேதி எழுதி, முத்திரை குத்தினேன்.