கூரையைக் கழற்றும் முன் கணக்கைப் பேசுங்கள்

மே மாதம் பிறந்து மேற்கிலிருந்து காற்று திரும்பியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் மாறிவிடும். மாசி, பங்குனியில் "எத்தனை மூடை சீமெந்து வேண்டும், எத்தனை தகரம் வேண்டும்" என்று கேட்டவர்கள், இப்போது "பாஸ் வருவதில்லை ஐயா, கூரை திறந்தபடி கிடக்கிறது" என்கிறார்கள். பாஸ் என்றால் கட்டட வேலையை எடுத்துச் செய்யும் மேசன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு வீடுகளுக்கு வரைபடமும் மதிப்பீடும் செய்து கொடுப்பது என் தொழில். 22 ஆண்டுகளாகிவிட்டன. பாதியில் நின்ற வேலையை அளந்து சொல்லும்படி அழைக்கப்பட்ட வீடுகள் மட்டுமே ஒரு கொப்பி நிறைய இருக்கின்றன.

அவற்றில் ஒன்று மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடு, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று. இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து, பின்னால் குசினி இழுத்துக் கட்டியது. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் முதல் வேலையாகக் கூரையை மாற்ற நினைத்தார். பெண்கள் 50 வயதில் அந்தப் பணத்தைப் பெறலாம். ஆயுள் முழுவதும் சேர்ந்த ஒரே பெரிய தொகை அதுதான். பாஸ் தெரிந்தவர், கோயில் வேலை செய்தவர். கூலி 90,000 ரூபா என்று பேசி, முதல் நாளே 60,000 வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் குசினித் தகரமும் பின் அறைத் தகரமும் இறங்கிவிட்டன. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. கையாளுக்குக் காய்ச்சல் என்றார். பிறகு உறவில் ஒரு மரணம். பிறகு சித்திரைப் புத்தாண்டு. "நாளை கட்டாயம் வருகிறேன் அம்மா" என்ற வார்த்தை மட்டும் தவறாமல் வந்தது.

நான் போனபோது மழை பிடித்து இரண்டு வாரமாகியிருந்தது. நீலப் படங்கைக் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் மேலே கல் வைத்திருந்தார்கள். அரிசி மூடை முன் அறைக் கட்டிலில் இருந்தது. மண்சாந்தில் கட்டிய பழைய சுவர் ஊறிப் பூச்சு விட்டிருந்தது. "காசு போனது ஒரு பக்கம் ஐயா. தினமும் ஆறு மணிக்கே தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு வழியைப் பார்த்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அவர்.

பாஸைத் தேடிப் போனேன். நோர்வூட்டில் ஒரு வீட்டுக்கு கொங்கிரீட் தட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஜனவரியிலேயே முற்பணம் வாங்கிச் செலவழித்திருந்தார். இந்த அம்மாவின் 60,000 ரூபா, அந்த வீட்டில் உழைத்த கையாட்களின் பழைய கூலிப் பாக்கிக்குப் போயிருந்தது. நோர்வூட் வேலை முடிந்தபோது, மூன்றாவது வீட்டில் முற்பணம் வாங்காமல் இங்கே வந்து வேலை செய்ய அவரிடம் பணம் இல்லை.

நான் அளந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நீங்கள் கொடுக்கும் பெரிய முற்பணம் உங்கள் வீட்டுக்கு வேலை செய்வதில்லை. பாஸ் ஏற்கனவே பாதியில் விட்டு வந்த வீட்டின் கடனை அடைக்கிறது. ஏமாற்றவென்றே வருகிறவர்களும் உண்டு, ஆனால் நான் கண்டவரையில் அவர்கள் குறைவு. அதிகம் பேர் ஒரு வீட்டுப் பணத்தில் மற்றொரு வீட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். நல்ல கைவேலைக்காரர்கூட இந்தச் சுழலில் மாட்டினால் சொன்ன நாளில் வரமாட்டார். ஆகவே "நல்லவரா, தெரிந்தவரா" என்று மட்டும் விசாரித்தால் போதாது. இப்போது எத்தனை வீடு கையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாகச் செய்த வீட்டுக்கு நேரில் போய், வேலையின் தரத்தோடு, சொன்ன நாளில் முடித்தாரா என்பதையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இந்த நெருக்கடி ஏன் நம் மலையில் இவ்வளவு கூடுதல் என்றால், காலம் குறுகியது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமும், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனைகின்றன. எல்லோரும் பெப்ரவரிக்கும் சித்திரைக்கும் நடுவில்தான் கூரையில் கை வைக்கிறார்கள். ஒரே பாஸை ஐந்து வீடு கேட்கிறது. அவர் ஐந்து பேருக்கும் சரி என்கிறார். ஊவாப் பக்கம் கணக்கு வேறு. பதுளை, பண்டாரவளையில் ஆனி, ஆடி, ஆவணி ஓரளவு காய்ந்திருக்கும். மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும். எந்தப் பக்கமானாலும், மழைக்கு ஆறு வாரமே இருக்கும்போது கூரையைக் கழற்றாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வேலை ஒரு மாதம் இழுபட்டாலும் தாங்கும்படி முன்கூட்டியே தொடங்குங்கள். முடியாவிட்டால் ஒட்டுப்போட்டு அடுத்த வெயில் வரை பொறுங்கள்.

பணத்தை நாள் பார்த்துக் கொடுக்காமல் வேலை பார்த்துக் கொடுங்கள். கூரை வேலையென்றால் கைமரமும் சலாகையும் அடித்து முடிந்ததும் ஒரு பங்கு, தகரம் பாதி ஏறியதும் ஒரு பங்கு, முகடு மூடியதும் ஒரு பங்கு, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி மாட்டியதும் ஒரு பங்கு. மொத்தத்தில் பத்தில் ஒன்றை முதல் பெருமழை பெய்து, ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அரசாங்கக் கொந்தராத்துகளில் இப்படிப் பணத்தைப் பிடித்து வைப்பது வழக்கமான நடைமுறை. பாஸ் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். வேலையில் நம்பிக்கை உள்ளவர்கள் ஒப்புக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் கையாளுக்கு வாரக் கடைசியில் கூலி வேண்டும், அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டமும் நான்கைந்து நாளில் முடியும்படி சிறிதாக வையுங்கள். கட்டம் முடிந்த அன்றே காசைக் கொடுங்கள். முடிந்த வேலைக்குக் காசை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாஸ் மறுநாள் வராவிட்டால் அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சாமான்களை நீங்களே ஹாட்வெயார் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். மணலை அளக்கத் தயங்காதீர்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. வண்டிப் பெட்டியின் உட்பக்கம் 10 அடி நீளம், 5 அடி அகலம், மணல் 2 அடி உயரம் என்றால் சரியாக ஒரு கியூப்.

இன்னொரு நிபந்தனையை விடவே கூடாது: அன்று மூடக்கூடிய அளவை மட்டுமே அன்று கழற்ற வேண்டும். இரண்டு அறைக் கூரையை ஒரே நாளில் இறக்குவது வேலை வேகம் என்று நினைக்கிறோம். உண்மையில், வீடு திறந்து கிடந்தால் நீங்கள் வேறு ஆளைத் தேட முடியாது, பாஸ் கேட்கும் மேலதிகக் காசையும் மறுக்க முடியாது. கழற்றுவது பழைய அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் உடைக்கவோ உலர வெட்டவோ விடாதீர்கள். நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

ஏணியில் ஏறத் தெரியாதவரும் கீழே நின்று சிலவற்றைப் பார்க்கலாம். நெளிதகரத்தில் ஆணி மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். பக்க இணைப்பின் வாய் காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டுக்கு அணைசுவர் கட்டுகிறவர்களிடம் இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, அதன் பின்னால் தேங்கும் தண்ணீர். பின்பக்கம் சல்லி நிரப்பி, சுவரில் தண்ணீர் வெளியேறக் குழாய்கள் விட்டு, மேலே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். பல சுவர்களில் முகப்பில் குழாய் தெரியும், பின்னால் சல்லி இருக்காது. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் பாருங்கள், படம் எடுங்கள். மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முடிந்த சுவரின் படத்தை நம்பிக் காசு அனுப்ப வேண்டாம். அத்திவாரக் குழி, கம்பி, சல்லி இவற்றின் படத்தை அளவுநாடாவோடு கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட மக்கள் நாம். மேட்டில் வெடிப்பு, புதிய ஊற்று, சாயும் மரம் எதையாவது கண்டால் அது பாஸின் வேலையல்ல. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

பேசியதை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, எந்தச் சாமான், எத்தனை நாள், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு. உங்களால் வாசிக்க முடியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடாதீர்கள். பாஸ் சிங்களம் மட்டும் வாசிப்பவர் என்றால் இரண்டு மொழியிலும் எழுதி இருவரும் ஒப்பமிடலாம்.

வேலை ஏற்கனவே நின்றுவிட்டதா? வேறு ஆளை ஏற்றுவதற்கு முன் நின்ற நிலையைப் படம் எடுத்து, செய்த வேலையை அளந்து மதிப்பிடுங்கள். திகதி குறித்து ஒரு கடிதம் கொடுங்கள். பிறகு உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது அது, சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். வியாபாரமாகச் சேவை நடத்தும் நிறுவனம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

மஸ்கெலியா அம்மாவிடம் எழுத்து எதுவும் இருக்கவில்லை. பணம் கொடுத்ததைக் கண்ட மருமகளும் என் அளவீடும்தான் இருந்தன. இரண்டு நாள் கழற்றிய வேலைக்கு 11,000 ரூபா என்று மதிப்பிட்டேன். மத்தியஸ்த சபையில் பாஸ் அதை ஏற்று, மீதி 49,000 ரூபாவை ஏழு தவணையில் தருவதாக ஒப்பமிட்டார். மழை விட்ட ஒரு வாரத்தில் தோட்டத்தின் அடுத்த டிவிசன் இளைஞர்கள் இருவர் நான்கு நாளில் தகரத்தைப் போட்டு முடித்தார்கள். இதுவரை ஐந்து தவணை வந்திருக்கிறது. குசினிக்குப் பீலி மாட்டியது அந்தப் பணத்தில்தான்.