தேனீப் பெட்டி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்

புதிதாகத் தேனீ வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர், பெட்டி வாங்கிய சில நாட்களிலேயே "எல்லாம் ஓடிப்போய்விட்டன" என்று பயிற்சியாளர்களைத் தேடி வருகிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் வளரும் அடுக்குத் தேனீ, தொந்தரவு மிகுந்தால் அடைகளையும் புழுக்களையும் அப்படியே விட்டுவிட்டு ஒட்டுமொத்தமாக இடம்பெயரும் இயல்புடையது. அதனால் பெரும்பாலும் கோளாறு, பெட்டியைக் கொண்டுவந்த விதத்திலோ வைத்த இடத்திலோதான் இருக்கிறது.

வாங்கும் இடத்திலேயே, அடைகளைத் தாங்கும் மரச் சட்டங்களை எடுத்து முட்டையும் புழுவும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். நீர் கோத்த பை போலப் புழுக்கள் அறைகளுக்குள் இறந்து கிடந்தால், என்ன விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்த 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) என்ற, புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோயின் அடையாளம் அது.

இரை தேடிச் சென்ற தேனீக்கள் முழுவதும் திரும்பிய பிறகு, இருட்டியபின் வாயிலைக் கம்பி வலையால் அடைத்து இரவிலேயே கொண்டுவருவது நல்லது. கொட்டிவிடுமோ என்ற அச்சத்தில் துணியைத் திணித்து இறுக அடைப்பவர்கள் உண்டு. காற்றோட்டம் இல்லாமல் பதற்றமடையும் தேனீக்கள் உண்டாக்கும் வெப்பமே மெழுகை இளக்கி, அடைகளைச் சரியவைத்து, விடிவதற்குள் முழுக் குடும்பத்தையும் மூச்சுத்திணறிச் சாகவைக்கப் போதுமானது. பெட்டியின் மேலடுக்கான தேன் அறையைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டங்கள் ஆடாதபடி கட்டி, அவற்றின் நீளவாட்டு வண்டி ஓடும் திசையிலேயே அமையுமாறு பெட்டியை வைத்தால், பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதி ராணி நசுங்கும் ஆபத்து குறையும். பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவரும் பெட்டியில் வேறொரு சிக்கல் உண்டு; மறுநாள் வெளியே பறக்கும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

வீட்டில், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடத்தில், ஆட்கள் நடக்கும் வழியை நோக்கி வாயில் அமையாமல் பெட்டியை நிறுத்தி, தாங்கியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் வைக்க வேண்டும். எறும்பு ஏறத் தொடங்கினால் தேனீ தங்காது. இரவில் எரியும் வாசல் விளக்கின் அருகே வைத்தால் தேனீக்கள் வெளிச்சத்தை மொய்த்துச் செத்து விழும். பெட்டியை வைத்துச் சிறிது நேரம் அடங்கவிட்டு, இருட்டிலேயே வலையை எடுத்துவிடலாம்.

பூ குறைவான காலமாக இருந்தால், சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை மாலையில், பெட்டிக்குள்ளேயே, வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும். ராணி வெளியேறாமல் தடுக்கும் வாயில் தகடு தொடக்கத்தில் உதவும். ஆனால் அதை அங்கேயே மறந்துவிட்டால் ஆண் தேனீக்கள் சிக்கி வழியை அடைத்துக்கொள்ளும். இன்னும் இணைசேராத இளம் ராணி உள்ள குடும்பத்துக்கு அதைப் பொருத்தவே கூடாது. பணித்தேனீக்கள் கால்களில் மகரந்தத்தோடு தொடர்ந்து நுழைவது, உள்ளே புழு வளர்ப்பு நடப்பதற்கான நல்ல அறிகுறி. அதைக் காணும்வரை, பார்க்க வரும் உறவினர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் மூடியைத் திறக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும், பூச்சிமருந்து தெளிக்கும் நாளைக் கேட்டு வைப்பதும் அவசியம். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால், கொடுக்கை உடனே அகற்றிவிட்டுக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். உடல் முழுவதும் தடிப்போ மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.