ரயில்ல இருக்குற போன் வீட்டு கம்ப்யூட்டர எப்படி கண்டுபிடிக்குது?

ரயில்ல போகும்போது எடுத்த போட்டோ நாம இறங்குறதுக்குள்ள வீட்டு கம்ப்யூட்டர்ல போய் உக்காந்துருக்கு, கேபிளும் இல்ல, எந்த கிளவுட்லயும் ஏத்தல. சிங்க்திங்னு 2013 கடைசில வந்த இலவச சாஃப்ட்வேர் இத பண்ணுது. நான் தினமும் யூஸ் பண்றேன்.

இதுல கஷ்டமான வேலை ஃபைல் அனுப்புறது இல்லங்க, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கண்டுபிடிக்கிறதுதான். இன்டர்நெட்ல ஒரு கருவிய அடையாளம் காட்டுற எண்தான் ஐபி முகவரி, அதுல பழைய வகை மொத்தமே சுமார் 429 கோடிதான், உலகத்துக்கு பத்தல, அதனால வீட்ல உள்ள எல்லா கருவியும் ரவுட்டரோட ஒரே முகவரிய பங்கு போட்டுக்குது, மொபைல் கம்பெனிலயும் பல பேருக்கு சேர்த்து ஒரே முகவரி. அபார்ட்மென்ட் பேரு மட்டும் எழுதி வீட்டு நம்பர் போடாம வர்ற தபால் மாதிரி, வெளில இருந்து தானா ஒரு பாக்கெட் (சின்ன டேட்டா பொட்டலம்) வந்தா யாருக்குன்னு ரவுட்டருக்கு தெரியாது, தூக்கி போட்டுரும்.

ஆனா உள்ள இருந்து நாம முதல்ல ஒண்ணு அனுப்புனா அதுக்கு பதில் வரும்னு ரவுட்டர் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கும். தந்திரமே இதுலதான் இருக்கு. போனும் கம்ப்யூட்டரும் அப்பப்போ ஒரு பொது சர்வர்கிட்ட "நான் இப்ப இந்த முகவரில இருக்கேன்"னு சொல்லி வைக்கும், அங்க பாத்து ரெண்டும் ஒரே நேரத்துல எதிர் பக்கத்துக்கு பாக்கெட் அனுப்பும், ரெண்டு ரவுட்டரும் இது நாம கேட்டதுக்கு வந்த பதில்னு நினைச்சு உள்ள விட்டுரும். எல்லா நெட்வொர்க்லயும் இது நடக்காது. நடக்கலன்னா நடுவுல ஒரு ரிலே சர்வர் வழியா போகும், வேகம் குறையும், ஆனா என்கிரிப்ட் ஆன, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத துண்டுங்கதான் போறதால அந்த ரிலே நடத்துறவங்களால போட்டோவ பாக்க முடியாது. ஆள் மாறாட்டமும் பண்ண முடியாது, ஏன்னா ஒவ்வொரு கருவிக்கும் அதோட டிஜிட்டல் சான்றிதழ்ல இருந்து கணக்கு போட்டு வர்ற 56 எழுத்து அடையாளம் இருக்கு, அத நாமதான் ரெண்டு பக்கமும் ஒரு தடவ சேர்த்து வைக்கணும்.

அப்புறம் டேட்டாவும் மிச்சமாகுது. 250 எம்பி வரைக்கும் உள்ள ஃபைல 128 கேபி துண்டா (அதுக்கு மேல போனா இன்னும் பெரிய துண்டா) வெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கைரேகை மாதிரி ஹேஷ் எடுக்கும், மாறுன துண்டு மட்டும்தான் போகும். 200 எம்பி ஃபைல்னா 1600 துண்டு, நடுவுல நாலு எழுத்த மாத்துனா ஒண்ணு ரெண்டு துண்டோட முடிஞ்சுரும். ஆரம்பத்துலயே ஒரு எழுத்த சொருகுனா அத்தன துண்டும் நகர்ந்துரும், இதுக்கு 1996லயே ஆஸ்திரேலியால ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ரெண்டு பேரும் ஆர்சிங்க்னு ஒரு ஃபைல் அனுப்புற சாஃப்ட்வேர்ல வழி கண்டுபிடிச்சாங்க, துண்டோட எல்லைய ஒவ்வொரு பைட்டா நகர்த்திகிட்டே ஒப்பிட்டு பாக்குறது. எவ்ளோ அழகான யோசனை!

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கண்டிப்பா பாருங்க. வீட்டு கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடுக்கு போகாம இருக்கணும். இன்னொண்ணு, சிங்க் (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்குறது) வேற பேக்கப் வேற, இடம் பத்தலன்னு போன்ல போட்டோவ அழிச்சா அந்த அழிக்கிறதும் சிங்க் ஆகி வீட்லயும் காணாம போயிரும், அதனால கம்ப்யூட்டர் பக்கம் அந்த ஃபோல்டருக்கு ஃபைல் வெர்ஷனிங்க ஆன் பண்ணிட்டு போங்க, அழிஞ்சது தனியா ஒரு ஃபோல்டர்ல இருக்கும்.