பென்டிரைவ்ல ஷார்ட்கட் மட்டும் தெரியுதா? ஃபார்மட் போட்டுடாதீங்க

பாளையங்கோட்டையில சிஸ்டம் சர்வீஸ் கடை வச்சு பதினாலு வருஷம் ஆச்சு. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு வந்தவங்களை விட பென்டிரைவ்ல ஃபைல் போச்சுன்னு பதறிக்கிட்டு வந்தவங்கதான் ஜாஸ்தி, அதுல நெறைய பேருக்கு ஃபைல் எங்கயுமே போயிருக்காது, அங்கயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது அவ்ளோதான்.

போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு. "அண்ணா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பூரா இதுலதான் இருக்கு, நாளைக்கு வைவா, நேத்து ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்து ரூம்ல போட்டா வெறும் ஷார்ட்கட்டா தெரியுது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஃபார்மட் போட சொல்றாங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிச்சு. நல்ல வேளை போடலியே தாயின்னு வாங்கிப் பார்த்தேன். 16 ஜிபி டிரைவ், ப்ராப்பர்ட்டீஸ்ல 11 ஜிபி யூஸ்டுன்னு காட்டுது. உள்ள இருக்கற ஃபோல்டர் ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல குட்டியா அம்புக்குறி, ஒவ்வொண்ணும் 2 கேபி. "11 ஜிபி எங்கம்மா இருக்கு, இந்த 2 கேபி ஷார்ட்கட்டுக்குள்ளயா?"ன்னு கேட்டதும்தான் அந்தப் பொண்ணு முகத்துல கொஞ்சம் உயிர் வந்துச்சு.

நம்ம ஊர்ல இதை ஷார்ட்கட் வைரஸ்னுதான் சொல்வோம், ஆனா இது வைரஸ் இல்ல, வார்ம். வைரஸ்னா இன்னொரு ஃபைலுக்குள்ள ஒட்டிக்கிட்டு அந்த ஃபைல் கூடவே போகும். வார்முக்கு அந்த ஒட்டுண்ணி வேலையெல்லாம் வேண்டாம், தன்னையே காப்பி எடுத்து அடுத்த டிரைவ்ல தானே போய் உக்காந்துக்கும்.

அது பண்றது ரொம்ப சிம்பிள். சிஸ்டத்துல உக்காந்து புதுசா பென்டிரைவ் சொருகறாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். சொருகினதும் தன்னோட காப்பி ஒண்ணை, பெரும்பாலும் விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஃபைல் (விண்டோஸ் ஓட்டற குட்டி புரோகிராம்), அதுல போட்டுரும், உங்க ஃபோல்டர் எல்லாத்துக்கும் ஹிடன் அட்ரிபியூட்டும் சிஸ்டம் அட்ரிபியூட்டும் (மறைக்க வேண்டியது, விண்டோஸோடதுங்கற அடையாளம்) போட்டு மறைச்சிரும், அதே பேர்ல ஃபோல்டர் ஐகானோட ஷார்ட்கட் வச்சிரும். நீங்க அதை டபுள் கிளிக் பண்ணா ஒரே நேரத்துல ரெண்டு வேலை நடக்கும், பின்னாடி ஸ்கிரிப்ட் ஓடும், முன்னாடி உங்க நெஜ ஃபோல்டரும் தொறக்கும். ஃபோல்டர்தான் தொறந்துருச்சே, அப்புறம் யாருக்கு சந்தேகம் வரும்? திருடன் உள்ள வந்து நமக்கே கதவைத் தொறந்து விட்ட மாதிரி.

முன்னாடியெல்லாம் இந்த டபுள் கிளிக் கூட தேவைப்படாது. ஆட்டோரன் ஃபைல் ஒண்ணு இருந்தா போதும், சொருகினதும் அதுவே ஓடும். 2008 நவம்பர்ல வந்த கான்ஃபிக்கர் வார்மை என் வயசுக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. டிரைவ் சொருகினதும் என்ன பண்ணணும்னு கேக்கற ஆட்டோபிளே விண்டோவுல "ஃபோல்டரைத் தொறந்து பாருங்க"ங்கற அர்த்தத்துல ரெண்டு லைன் வரும், ஒண்ணு விண்டோஸோடது, இன்னொண்ணு அதே ஐகான் அதே வார்த்தையோட கான்ஃபிக்கர் வச்ச பொறி. 2011 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் விட்டு பென்டிரைவ் ஆட்டோரனை அடைச்சாங்க, விண்டோஸ் 7ல அது முன்னாடியே அடைச்சதுதான். சிஸ்டம் தானா ஓட்டாதுன்னு ஆனதும் மனுஷனை வச்சே ஓட்ட வைக்கலாம்னு ஷார்ட்கட் பக்கம் வந்துட்டாங்க. அதனால பென்டிரைவ்ல ஆட்டோரன் பேர்ல காலி ஃபோல்டர் போட்டு வச்சா வைரஸ் வராதுங்கற பழைய வைத்தியத்தை இன்னும் யாராவது சொன்னா தலையாட்டிட்டு விட்டுடுங்க, அது அந்தக் காலத்துக்கு சரி.

ஷார்ட்கட்டை கிளிக் கூட பண்ணாம, ஃபோல்டரைத் தொறந்து ஐகான் ஸ்கிரீன்ல தெரிஞ்சாலே ஓடற ஒண்ணும் இருந்துச்சு. 2010ல வெளிய தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட் அதுதான். இரான்ல நடான்ஸ் அணு ஆலை மெஷின்களை இன்டர்நெட்ல இருந்து தனியா வச்சிருந்தாங்க, அதைக் குறி வச்சு பண்ணது பென்டிரைவ் வழியாவும் பரவுச்சு. அந்த ஓட்டையை அதே வருஷம் ஆகஸ்ட்ல அடைச்சாங்க. நெட் கனெக்ஷனே இல்ல சார் எங்க சிஸ்டத்துக்கு எப்படி வரும்னு என்கிட்ட கேக்கற ஆடிட்டர் ஆபீஸ்காரங்களுக்கு நான் சொல்ற கதை இது.

சரி, அந்தப் பொண்ணு மேட்டருக்கு வருவோம். சந்தேகப்பட்ட டிரைவை நான் விண்டோஸ்ல சொருகவே மாட்டேன், விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒண்ணு இதுக்குன்னே வச்சிருக்கேன். அதுல விபிஎஸ் ஓடாது, விண்டோஸ் போட்ட மறைப்பும் செல்லாது, எல்லா ஃபோல்டரும் பளிச்சுனு தெரியும். உங்ககிட்ட அப்படி லேப்டாப் இல்லன்னா ஓடிஜி கேபிள் (பென்டிரைவை போன்ல மாட்டற கேபிள்) போட்டு ஆண்ட்ராய்டு போன்ல சொருகிப் பாருங்க, பெரும்பாலும் அதுலயும் தெரியும், வேணும்கறதை மட்டும் காப்பி எடுத்துக்கலாம். ரெண்டே நிமிஷத்துல ரிப்போர்ட் வெளிய வந்துருச்சு.

ஆனா வேலை அதோட முடியல. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, பென்டிரைவை மட்டும் க்ளீன் பண்ணிட்டு அதே சிஸ்டத்துல திரும்ப சொருகறது. கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்கறப்ப பாயை மட்டும் வெயில்ல காயப் போட்ட மாதிரி. முதல்ல சிஸ்டம், அப்புறம்தான் டிரைவ். அந்தப் பொண்ணு ரூம்ல அந்த ஷார்ட்கட்டை கிளிக்கும் பண்ணியிருக்கு, அதனால லேப்டாப்பையும் கொண்டு வரச் சொன்னேன்.

நெட்டைக் கழட்டிட்டு டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப் பார்த்தேன், டபிள்யூஸ்கிரிப்ட்னு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது விண்டோஸோட சொந்த புரோகிராம்தான், ஸ்கிரிப்ட் ஓட்டறதுக்கு இருக்கறது, ஆனா சாதாரணமா வீட்டு சிஸ்டத்துல சும்மா ஓடிக்கிட்டே இருக்க வேலை இல்ல. அதை நிறுத்தினேன். அப்புறம் வார்ம் ஒளிஞ்சுக்கற, சிஸ்டம் ஆன் ஆனதும் தானா ஓட ஆரம்பிக்கற இடங்களைப் பார்த்தேன்: ஸ்டார்ட்அப் ஃபோல்டர், டெம்ப், ஆப்டேட்டா, ரெஜிஸ்ட்ரியில ரன் கீ, டாஸ்க் ஷெட்யூலர். இத்தனை இடத்தையும் கையால தேட முடியாதுன்னா மைக்ரோசாஃப்டோட ஆட்டோரன்ஸ் டூல் இருக்கு, ஃப்ரீதான், தானா ஓடற எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டும். அந்த லேப்டாப்ல ஸ்டார்ட்அப்ல ஒண்ணு, டெம்ப்ல ஒண்ணுன்னு அதே ஃபைல் ரெண்டு இடத்துல இருந்துச்சு, ஒண்ணை விட்டாலும் மறுபடி முளைக்கும். தூக்கிட்டு விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். யூடியூப் லிங்க்ல வர்ற ஷார்ட்கட் ரிமூவர் மட்டும் போடாதீங்க, அதுலயே வேற ஒண்ணு வந்து வாங்கிக்கிட்டுப் போனவங்க எனக்குக் கஸ்டமரா இருக்காங்க.

அடுத்து டிரைவ். போன்ல கேக்கறவங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்றேன். கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து உங்க டிரைவ் லெட்டர், கோலன், என்டர். அப்புறம் ஏ டி டி ஆர் ஐ பி, ஸ்பேஸ், மைனஸ் ஹெச், ஸ்பேஸ், மைனஸ் ஆர், ஸ்பேஸ், மைனஸ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் டி, என்டர். எழுத்துல attrib -h -r -s /s /d. ஸ்லாஷ்னா ஷிஃப்ட் அமுக்காம கேள்விக்குறி கீல இருக்கறது. டிரைவ் லெட்டரை ரெண்டு தடவை பாருங்க, ஒருத்தர் சி டிரைவ்ல போட்டுட்டு எங்க பார்த்தாலும் விண்டோஸ் மறைச்சு வச்சிருந்த டெஸ்க்டாப் ஐஎன்ஐ ஃபைலா வந்து நிக்குதுன்னு கூப்பிட்டாரு. எல்லாம் வெளிய வந்ததும் ஷார்ட்கட்டையும் விபிஎஸ் ஃபைலையும் டெலிட் பண்ணுங்க, டபுள் கிளிக் மட்டும் வேண்டாம். சில டிரைவ்ல பேரே இல்லாத ஃபோல்டர் ஒண்ணு இருக்கும், பயந்து அழிச்சிடாதீங்க, காமாரூ மாதிரி சில வார்ம் உங்க ஃபைல் எல்லாத்தையும் அதுக்குள்ளதான் தூக்கிப் போட்டிருக்கும்.

சிஸ்டம் க்ளீன் ஆச்சான்னு பார்க்க ஒரு காலி பென்டிரைவ் எடுத்து, ஒரு ஃபோல்டர் போட்டு, சொருகி அஞ்சு நிமிஷம் விடுங்க. ஃபோல்டர் ஷார்ட்கட்டா மாறலன்னா ஓரளவு நம்பலாம்.

பிரிண்ட் எடுக்க அடிக்கடி வெளிய போறவங்களுக்கு நான் சொல்றது மெமரி கார்டு. எஸ்டி கார்டு ஓரத்துல லாக் ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளிட்டா பெரும்பாலான ரீடர்ல படிக்கத்தான் முடியும், எழுத முடியாது, வார்ம் வந்து உக்கார இடமே இல்ல. இல்ல பிடிஎஃபா மாத்தி அவங்க நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்பிருங்க, ஆனா அங்க போய் உங்க மெயிலை லாகின் பண்ணி அப்படியே விட்டுட்டு வராதீங்க, அது இதை விட மோசம்.

மறுநாள் அந்த ஜெராக்ஸ் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் "நம்ம சிஸ்டம் நல்லாத்தான் தம்பி ஓடுது, ஒரு கம்ப்ளைண்டும் இல்ல"ன்னாரு. உண்மைதான், நல்லாத்தான் ஓடிச்சு. டாஸ்க் மேனேஜரைத் தொறந்தா அதே டபிள்யூஸ்கிரிப்ட், அதே ஃபைல் பேரு. வாசல்ல பென்டிரைவோட நாலு பசங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. "அரை மணி நேரம் ஆகும்ணே"ன்னேன், அவர் பசங்களைப் பார்த்துட்டு "மத்தியானம் கூட்டம் குறைஞ்சப்புறம் வாயேன்"னாரு. வம்பே வேண்டாம்னு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு அப்பவே உக்காந்துட்டேன்.