சூரிய சக்தி பம்புசெட்: மானியத்தோடு வரும் ஐந்தாண்டு உரிமை

மின்கம்பி எட்டாத வயலில் டீசல் இன்ஜின் வைத்து நீர் இறைக்கும் சிறு விவசாயிக்கு, சாகுபடிச் செலவில் பெரும் பங்கு எரிபொருளுக்கே போய்விடுகிறது. அந்தச் சுமையைக் குறைப்பதற்காக மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2019-இல் பிஎம் குசும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. திட்டத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. விளைநிலத்திலோ தரிசிலோ சிறு மின் நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்பது ‘ஏ’ பிரிவு. மின் இணைப்புள்ள பம்புசெட்டைச் சூரிய சக்திக்கு மாற்றுவது ‘சி’ பிரிவு. இணைப்பே இல்லாத இடத்தில் தனித்து இயங்கும் சூரிய பம்புசெட்டுக்கு உதவுவது ‘பி’ பிரிவு. இங்கே விளக்கப்படுவது இந்த ‘பி’ பிரிவு உதவியே.

‘பி’ பிரிவில் அரசு நிர்ணயித்த அடிப்படை விலை, ஒப்பந்தப்புள்ளி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ, அதில் 30 விழுக்காட்டை மத்திய அரசும், குறைந்தது 30 விழுக்காட்டை மாநில அரசும் தருகின்றன. மீதமுள்ள 40 விழுக்காடு விவசாயியின் பங்கு. அதிலும் மொத்த விலையில் 30 விழுக்காடு வரை வங்கிக் கடனாகப் பெறலாம். வடகிழக்கு மாநிலங்களிலும் சில மலை மாநிலங்களிலும் மத்திய அரசின் பங்கு 50 விழுக்காடு. கணக்குக்காக ஒரு பம்புசெட்டின் விலை 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரசுகளின் பங்கு 1,80,000 ரூபாயாகவும் விவசாயியின் பங்கு 1,20,000 ரூபாயாகவும் அமையும். 90,000 ரூபாய் கடன் கிடைத்தால் கையிலிருந்து போடவேண்டியது 30,000 ரூபாய். 7.5 எச்.பி.க்கு (குதிரைத்திறன்) மேற்பட்ட பம்பையும் பொருத்திக்கொள்ளலாம், ஆனால் பொதுவாக மத்திய மானியம் 7.5 எச்.பி. அளவுக்கு உரியதாகவே கணக்கிடப்படும்.

நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதிகளில் புதிய பம்புசெட்டுக்கு உதவி கிடையாது. அங்கே ஏற்கெனவே ஓடும் டீசல் பம்பை மட்டுமே, அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடு சேர்த்து, மாற்றிக்கொள்ளலாம். இந்த நிபந்தனை கடுமையாகத் தோன்றினாலும் நியாயமானது என்றே கருதுகிறேன்: வெயிலுக்கு விலையில்லை என்பதால் பகல் முழுதும் மோட்டாரை ஓடவிடும் பழக்கம் வந்துவிட்டால், பக்கத்து வயல்காரரின் கிணறும் சேர்ந்தே வற்றும்.

எச்.பி. எவ்வளவு வேண்டும் என்பதை நிலப்பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கோடையில் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது, கிணறு எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பத்தில் அளவைக் குறிப்பிட வேண்டும். 5 எச்.பி. பம்புக்கு ஏறக்குறைய 4,800 வாட் பேனல் தேவைப்படும் என்பதால், அதற்கு நிழல் விழாத இடம் வேண்டும். வரிசையில் ஒரு பேனலின் மேல் தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் போதும். அந்த வரிசை முழுவதின் மின் உற்பத்தியும் குறைந்து, குழாயில் வரும் நீர் மெலிந்துவிடும்.

மீன் குட்டை வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்டை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்னர்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான். பேட்டரி இல்லாத சூரிய பம்பு அப்போது ஓடாது. ஆகவே குட்டைக்கு நீர் நிரப்ப அது உதவுமே தவிர, இரவில் காற்றூட்டும் கருவிக்கு மாற்றாகாது. மீன்வளத்துக்கென்று 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் தனியாக உண்டு. அதில் பயனாளி சார்ந்த பணிகளுக்கு அலகுத் தொகையில், அதாவது ஒரு பணிக்கென நிர்ணயித்த செலவில், பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக வழங்கப்படுகின்றன. குட்டை, குளிர்பதன அறை, ஐஸ் கட்டித் தயாரிப்பு ஆகியவற்றுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போதே சூரிய சக்திக்கு ஆகும் செலவைச் சேர்க்க முடியுமா என்று மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அறிக்கை ஏற்கப்பட்டபின் சேர்ப்பது எளிதல்ல.

தமிழ்நாட்டில் சூரிய பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், தேவையெனில் சிறு குறு விவசாயி சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். இத்திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலிப்பதாக அமைச்சகமே பலமுறை எச்சரித்துள்ளது. ஆகவே தொலைபேசியில் அழைத்துப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

மானிய விழுக்காட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்களில் பலர், அதே விலைக்குள் அடங்கியிருக்கும் இன்னொன்றைக் கேட்பதில்லை. பம்புசெட்டின் விலையில் பொருத்துக்கூலி, போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றோடு ஐந்து ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்தே உள்ளது. நிறுவனம், தான் பணிசெய்யும் மாவட்டத்தில் ஒரு சேவை மையமும், மாநிலத்தில் அம்மாநில மொழியில் பேசும் உதவி எண்ணும் வைத்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எனவே மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து மோட்டார் நின்றுவிட்டால், உள்ளூர் மெக்கானிக்கை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லாமல், முதலில் அந்த உதவி எண்ணுக்குப் புகார் செய்து புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். வெளியாள் கைவைத்த பெட்டிக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். பொருத்திய நாளன்றே மோட்டார், கன்ட்ரோலர், பேனல் ஆகியவற்றின் வரிசை எண்களைப் படமெடுத்துக்கொண்டு, உத்தரவாத அட்டையில் நிறுவனத்தின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் ஐந்து ஆண்டு எண்ணப்படும்.