பால்வெட்டும் கை பிசகாதது எப்படி?

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வெளிச்சம் வருமுன்பே, நெற்றியில் கட்டிய விளக்கோடு, மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டு தொடங்கிவிடும். ஒரு வெட்டுக்குச் சீவப்படும் பட்டை ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். வெட்டின் ஆழம் குறைந்தால் பால் சேரும் சிரட்டை நிறையாது. கூடினால் பட்டைக்கு உள்ளே புதுப்பட்டையை வளர்க்கும் அடுக்கான வளர்திசுவில் கத்தி பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும். பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது.

இந்தக் கைக்கு ஆணை போவது மூளையின் மேற்பரப்பில் அசைவுகளை ஆளும் இயக்கப் புறணியிலிருந்து. அதில் விரல்களுக்கு ஒதுக்கிய இடம் முதுகுக்கு ஒதுக்கியதைவிடப் பல மடங்கு பெரிது. ஆணையைக் கொண்டுவரும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளை தண்டுவடத்தோடு சேரும் இடமான முகுளத்தின் அடியில் பக்கம் மாறி, தண்டுவடத்தில் இறங்குகின்றன. இடப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் வலக்கை விழுவது இதனால்தான். கழுத்தருகே தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு, தசையைத் தொடும் முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, தசை சுருங்குகிறது.

ஆணை மட்டும் போதாது. கண் பார்த்துக் கையைத் திருத்த 0.1 முதல் 0.2 விநாடி ஆகும். அதற்குள் கத்தி பட்டையில் முன்னே போயிருக்கும். ஆகவே சிறுமூளை ஆணையின் நகலை வாங்கி, கை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அனுப்பும் தகவலோடு அதை ஒப்பிடுகிறது. கணிப்பு தப்பும்போதெல்லாம் சிறுமூளையின் புர்கிஞ்சி செல்களில் நரம்பு இணைப்புகளின் வலிமை மாறுகிறது. புதிதாகக் கத்தி பிடிப்பவரின் வெட்டு நாளாக நாளாகச் சீராவது இப்படித்தான். சொல்லிக்கொடுத்தால் மட்டும் வராது, வெட்டித்தான் பழக வேண்டும்.

கோளாறு எங்கே என்பதைக் கை நடுங்கும் விதமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சிறுமூளை பழுதானால் சும்மா இருக்கும் கை ஆடாது, பொருளை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழியும் பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் நேர்மாறு: மடியில் கிடக்கும் கை நடுங்கும், வேலையில் இறங்கினால் குறையும். இரண்டையும் 'வயசானா வரும்' என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு கை திடீரென விழுந்தாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு இல்லையென்று ஸ்கேனில் தெரிந்தபிறகே போடுவார்கள். தோட்டத்தில் தனியாக விழுந்து கிடந்தவரென்றால், அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்திலிருந்தே கணக்கு தொடங்கும். அந்த நேரத்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.